கெல்லரை ரயிலேற்றிய கதை

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லாட்ஜில் தங்கியிருந்த ஜெர்மன்காரரிடம் போய், "கார் ஐந்தரைக்கு, ரயில் ஆறரைக்கு" என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

பத்து நிமிட வேலை.

அதை முடிக்க எனக்கு இரண்டரை மணி நேரம், ஒரு ஸ்கூட்டர், ஓர் அம்பாசிடர் கார், பட்டுச்சேலை கட்டிய என் மனைவி, முன்பின் தெரியாத ஒரு தாய்மாமன் சீர் ஊர்வலம் எல்லாம் தேவைப்பட்டன.

முதலில், எனக்கும் ஜெர்மனுக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படித்தபோது மாலை நேரத்தில் மூன்று மாத ஜெர்மன் வகுப்பு நடந்தது. மதுரைச் சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடும் வகுப்பறை அந்தக் கல்லூரியில் அது ஒன்றுதான். சேர்ந்தேன். பாதி வகுப்பில் தூங்கினேன். ஆனாலும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

பிறகு நாளிதழில் துணை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதினேன். கோட்டில் இன்னும் இடம் இருந்தது. 'ஜெர்மன் - ஓரளவு' என்று சேர்த்தேன்.

இடத்தை நிரப்புவது பத்திரிகைக்காரன் தொழில். அது இருபது வருடம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட கெல்லர் என்ற ஃபிட்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயது. ஆறடி. ஆங்கிலம் தெரியாது. அவர் ஊர் கிழக்கு ஜெர்மனியில் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழிதான் சொல்லிக் கொடுத்தார்களாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். என் பழைய விண்ணப்பம் மேஜை மேல் இருந்தது.

"ஓரளவுன்னா எம்புட்டு?" என்று கேட்டார்.

"சமாளிச்சிரலாம் சார்" என்றேன்.

அந்தச் சொல்லை அகராதியிலிருந்தே தூக்கிவிட வேண்டும்.

ஜெர்மனில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சொற்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். கூப்பிட்டால் வேறு ஆள் வந்து நிற்கும். அடுத்த ஐந்து நாளும் நான் கூப்பிட்டதெல்லாம் வேறு ஆள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் நிலையத்தில் 'ஹெர் கெல்னர்' என்று அட்டை பிடித்து நின்றேன். அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். வரவேற்பு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க, வாய்க்கு வாய் ஹெர் கெல்னர்.

சனிக்கிழமை மதியம் ஓட்டலில் அவர் கை கழுவப் போனார். சோறு ஆறுகிறதே என்று "ஹெர் கெல்னர்!" என்று கத்தினேன். அவர் திரும்பி, பொறுமையாக, பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றவரைக் கை காட்டினார்.

இரவு அகராதியைப் பார்த்தேன். கெல்னர் என்றால் சர்வர்.

கடல் கடந்து வந்த மனிதரை இரண்டு நாளாக 'திரு. சர்வர் அவர்களே' என்று அழைத்திருக்கிறேன். சரி, கெல்லர் என்றால்? பாதாள அறை. சரியாகக் கூப்பிட்டிருந்தாலும் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிளம்பி நின்று, 'கிர்ஹெ' என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது 'கிர்ஷெ'. செர்ரிப் பழம். பாவம், வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று பழக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன்.

"செர்ரி எல்லாம் கேக்குலதாண்ணே பாத்திருக்கோம்" என்றார் கடைக்காரர். "சிறுமலைப் பழம் இருக்கு, தரவா?"

கெல்லர் குழப்பத்தோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் மாதா கோயில் மணி அடித்தது. அவர் முகம் மலர்ந்தது. வாழைப்பழச் சீப்பாலேயே அந்தத் திசையைக் காட்டி, "கிர்ஹெ!" என்றார்.

சர்ச். பூசைக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வாழைப்பழத்தோடு போனார்.

திங்கட்கிழமை நடந்ததுதான் பெரிய கூத்து.

எங்கள் மெஷின் ஃபோர்மேன் ஒச்சப்பன். எனக்கு ஐந்து வயது மூத்தவர். ஆனால் என்னை 'அண்ணே' என்பார். நானும் அவரை 'ஒச்சண்ணே' என்பேன். மதுரையில் அண்ணனாக இருப்பதற்கும் வயதுக்கும் சம்பந்தம் இல்லை.

மெஷினின் ஒரு பக்கம் கெல்லர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு பக்கம் பட்டனில் கை வைத்தபடி ஒச்சப்பன். நடுவில் நான். கெல்லர் ஒரு விரலைத் தூக்கி, ஏதோ 'த்ருக்கன்' என்பது போலச் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது! பத்திரிகைக்காரனுக்கு அது புரியாமல் இருக்குமா?

"அச்சடிக்கச் சொல்றாரு!" என்றேன்.

ஒச்சப்பன் முழு வேகத்தில் ஓட்டிவிட்டார்.

கட்டடம் அதிர்ந்தது. காகிதம் ஆறாக ஓடியது. எல்லாப் பக்கமும் அட்டைக் கறுப்பு. அரை ரீல் போன பிறகு மெஷின் நின்றது. கெல்லர் நிமிர்ந்தார். முகமெல்லாம் மைப்பொட்டு. நெற்றியில் மட்டும் கொஞ்சம் ஜெர்மனி தெரிந்தது.

அச்சடி என்பதற்கும் அமுக்கு என்பதற்கும் அவர்கள் மொழியில் ஒரு உதட்டு வித்தியாசம்தான். உதட்டைக் குவித்து 'இ' சொன்னால், அமுக்கு. வெறும் 'உ' சொன்னால், அச்சடி. பட்டனை ஒரு தடவை லேசாக அமுக்கி விடச் சொல்லியிருக்கிறார் மனிதர்.

ஒச்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, அவரு சொன்னது ஒண்ணு. நீங்க சொன்னது ஒண்ணு. மெஷினு மட்டும்தேன் சொன்னதச் செஞ்சிருக்கு."

அன்று மாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போன ஒவ்வொருவரும், மை அழிக்கிற பஞ்சோடு நின்ற கெல்லரிடம் துக்கம் விசாரிப்பது போலச் சொல்லிக்கொண்டு போனார்கள். "வாரேன் தொர." "வாரேன் தொர, மனசுல வச்சுக்கிறாதீக." தினமும் அப்படித்தான். யாரும் அவரிடம் சொல்லாமல் போகமாட்டார்கள். அவரும் கையைத் தூக்கி, தலையை ஆட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதாவது எழுதிக்கொள்வார். திருகாணி அளவு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

அவர் பையில் இன்னொன்றும் இருந்தது. மகளின் புகைப்படம். ஒரே மகள். சனிக்கிழமை கல்யாணம். பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுவார். புதன்கிழமை மாலை ஆறரை ரயிலில் ஏறினால் வியாழக்கிழமை காலை சென்னை. இறங்கியதும் நேரே விமானம். அதை விட்டால் அடுத்த விமானத்தில் இடம் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆக, ஆறரை ரயில் போனால், அப்பா இல்லாமல் கல்யாணம்.

இதில் தப்பு செய்யக்கூடாது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை இரவு, கே.கே. நகர் வீட்டில் உட்கார்ந்து, நியூஸ்பிரிண்ட் துண்டுகளில் குழப்பமான சொற்களை இரண்டிரண்டாக எழுதினேன். ஒரு பக்கம் ஜெர்மன், மறு பக்கம் தமிழ். என் மனைவி வசந்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒப்பித்துக் காட்டச் சொன்னாள்.

"கொம்மன்?"

"வா."

"கேயன்?"

"போ."

"இதக் கூடவா எழுதி வைப்பாக? இதுல என்ன கொழப்பம் வரப்போகுது?"

"எதுக்கும் இருக்கட்டும்."

"சர்வர்?"

"கெல்னர்."

"சர்ச்சு?"

"கிர்ஹெ."

"பாஸு. நாளைக்கு ஒழுங்கா அனுப்பி வச்சிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க. சமயநல்லூர்ல எங்க அண்ணே மக நிச்சயதார்த்தம். லேட்டாப் போனா எங்க அண்ணி வாசல்லயே வச்சுப் பேசும்."

புதன்கிழமை நாலு மணிக்கு லாட்ஜுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குக் காரில் போகக் கால் மணி நேரம் ஆகிற லாட்ஜ். கெல்லர் பெட்டியைக் கட்டி முடித்திருந்தார். பக்கத்தில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். மெஷின் ஆட்கள் சேர்ந்து அவர் மகளுக்குக் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு.

அவர் டிக்கெட்டைக் காட்டி, "ஹால்ப் சீபன்?" என்று கேட்டார்.

இங்கேதான் எல்லாரும் விழுவார்கள். ஹால்ப் என்றால் அரை. சீபன் என்றால் ஏழு. நம் கணக்குக்கு ஏழரை. ஆனால் அவர்கள் ஏழுக்குப் போகிற வழியில் பாதி என்று எண்ணுவார்கள். அதாவது, ஆறரை! நான் ஒரு கணம் கண்ணை மூடினேன். நியூஸ்பிரிண்ட் துண்டு கண் முன்னால் வந்தது.

"யா! ஹால்ப் சீபன்!" என்றேன்.

ஐந்தரைக்கு ஒச்சப்பன் காரோடு வருவார் என்பதையும் சொன்னேன். "ஹால்ப் செக்ஸ், அவுட்டோ, ஹெர் ஒச்சப்பன்." செக்ஸ் என்றால் ஆறு. அவர் தலையாட்டினார். கெல்லரை கெல்லர் என்றே அழைத்தேன். ஒரு சொல் பிசகவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

இனி விடைபெற வேண்டியதுதான்.

கையைக் குலுக்கினேன். வாயைத் திறந்தேன். 'கேயன்' என்றால் போ. 'இஷ் கேயெ' என்றால் போறேன். தெளிவாகத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது.

நீங்களே சொல்லுங்கள். மகள் கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிற மனிதர். பக்கத்தில் குத்துவிளக்கு. அவர் முகத்தைப் பார்த்து 'போறேன்' என்று எப்படிச் சொல்வது?

நாக்கு மறுத்துவிட்டது. "இஷ் கொம்மெ" என்றேன். வாரேன். நல்ல காரியமாயிற்றே என்று அழுத்தமாக இன்னொரு தடவையும் சொன்னேன். "இஷ் கொம்மெ, ஹெர் கெல்லர்."

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கூட். இஷ் வார்தெ" என்றார்.

நல்லது, காத்திருக்கிறேன்.

நெகிழ்ந்து போனேன். நாம் திரும்ப வருகிற வரைக்கும் காத்திருப்பாராம்! வாரேன் என்றால் இப்படிப் பதில் சொல்கிற பழக்கம் அங்கேயும் இருக்கிறதே! மனிதர்கள் எங்கே போனாலும் மனிதர்கள்தான் என்ற ரீதியில் யோசித்தபடி ஸ்கூட்டரில் வந்தேன். ஆற்றுப்பாலத்தைத் தாண்டுவதற்குள் மனதில் ஒரு கட்டுரையே எழுதி முடித்துவிட்டேன்.

ஐந்தே முக்கால். வசந்தா பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் ஸ்கூட்டரை உதைத்தேன். வீட்டுக்குள் போன் அடித்தது.

ஒச்சப்பன். லாட்ஜிலிருந்து.

"அண்ணே, எங்கிட்டு இருக்கீக?"

"நீங்க அடிச்சது வீட்டு நம்பர். வீட்டுலதான இருப்பேன்? ரயில் நிலையம் போயாச்சா?"

"எங்கிட்டுப் போக? இவரு ரெண்டு வெரலக் காமிச்சுக்கிட்டுச் சேர்ல உக்காந்திருக்காரு."

"ரெண்டு விரலா?"

"ஆமாண்ணே. ரெண்டு நிமிசமாக்கும்னு நின்னேன். ஏழெட்டு ரெண்டு நிமிசம் ஆயிப்போச்சு. ஒருவேள பாத்ரூமா இருக்குமோன்னு அதையும் தொறந்து காமிச்சேன். கோவிச்சுக்கிறாரு. பெட்டியத் தூக்கினா, பிடுங்கி மடியில வச்சுக்கிறாரு. என்னண்ணே சொல்லிட்டுப் போனீக இவருகிட்ட?"

"வழக்கமா சொல்றதுதான். அவர்கிட்ட குடுங்க போனை."

கெல்லரின் குரல் வந்தது. போனில் உதடு தெரியாது. குவிகிறதா இல்லையா என்று பார்க்க முடியாது. இருந்தாலும் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது புரிந்தது.

'வருவதாகச் சொன்னீர்கள். நான் காத்திருக்கிறேன். வருகிறீர்களா?'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதம் வரைக்கும் உறைத்தது.

அந்த நேரத்தில் மூளையுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? 'நீங்கள் போங்கள்' என்று சொல்லியிருப்பான். 'கேயன் சீ.' இரண்டே சொல். இரண்டும் எனக்குத் தெரியும்.

ஆனால் போனில் ஒருவர் 'வர்றீங்களா?' என்று கேட்டால் நம்ம ஊரில் ஒரு பதில்தான் உண்டு. சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான். அது யோசித்து வருவதில்லை. தானாக வரும்.

"யா யா! இஷ் கொம்மெ! வந்துக்கிட்டே இருக்கேன்!" என்றேன்.

"கூட்" என்று போனை வைத்துவிட்டார்.

வசந்தா கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

ஸ்கூட்டர் பக்கம் ஓடினேன். "நீ இரு, நான் போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"ஆமா, நீங்க வாரேன்னு சொல்லி ஒருத்தரு அங்க உக்காந்திருக்கிறது போதாதாக்கும்? நானும் வாரேன்" என்று பின்னால் ஏறிவிட்டாள்.

ஆற்றுப்பாலம் வரைக்கும் நன்றாகத்தான் போனோம். பாலத்துக்கு முன்னால் நாதஸ்வரம் கேட்டது. தாய்மாமன் சீர். தலையில் தாம்பாளத்தோடு நாற்பது பெண்கள். ஆப்பிள், ஆரஞ்சு, சேலை, பொம்மை வைத்த பெட்டி. முன்னால் தாய்மாமன், கழுத்து மறையும் மாலையோடு, கடிகாரத்தை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ரயில் இல்லை.

ஒதுங்க இடமில்லை. ஓரமாக நுழைந்தேன். எப்படியோ ஊர்வலத்துக்கு நடுவில் வந்துவிட்டோம். பட்டுச்சேலையில் வசந்தாவைப் பார்த்த ஒரு அம்மா, "இப்பத்தேன் வாரீகளா? முன்னால போங்க, முன்னால போங்க!" என்று கூட்டத்தை விலக்கிவிட்டார். இன்னொருவர் செம்பிலிருந்து பன்னீரைத் தெளித்தார். சந்தனம் வந்தது. கற்கண்டு வந்தது.

"எடுத்துக்கங்க. வேண்டாம்னா தப்பா நெனப்பாக" என்றாள் வசந்தா.

வாயில் கற்கண்டோடு தாய்மாமனை முந்திக்கொண்டு பாலம் ஏறினேன். அவர் எனக்குக் கும்பிடு போட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

லாட்ஜ் வாசலை அடைந்தபோது ஆறு பத்து. ஒச்சப்பன் அம்பாசிடரை உறும விட்டபடி நின்றார். உள்ளே வரவேற்பு மேஜைக்கு எதிரே கெல்லர். மடியில் பெட்டி. கையில் விளக்கு. கழுத்து சிவந்திருந்தது. கண் சுவர்க் கடிகாரத்தில். அதற்கு முன் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. மை தெளித்தபோதுகூட அந்த முகம் இவ்வளவு பயந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். ஒச்சப்பனிடம் திரும்பி, "எர் கொம்ட்!" என்றார். பார், வந்துவிட்டார்! தன்னையும் என்னையும் மாறி மாறிச் சுட்டி, மறுபடி இரண்டு விரலைக் காட்டினார்.

"அட, ரெண்டு ஆளு போகணும்னு சொன்னீகளாக்கும் தொர!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஒச்சப்பன். "நான் பாத்ரூமத் தொறந்து காமிச்சேனே, பாவி!"

நாங்கள் காரில் ஏறியபோது வசந்தாவும் ஏறினாள். கெல்லர் தயக்கத்தோடு மூன்றாவது விரலை நீட்டினார்.

கார் நகர்ந்தது. ஒச்சப்பனின் ஹாரன் நிற்கவே இல்லை. கெல்லர் என்னிடம் திரும்பி, மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். ஏன் வருவதாகச் சொன்னீர்கள்? சொல்லிவிட்டு ஏன் போனீர்கள்?

என்ன சொல்ல? ஒருவரிடம் விடைபெறும்போது போறேன் என்று சொன்னால் அது திரும்பி வராத போக்கு என்று ஆகிவிடும், அதனால் நாங்கள் போகும்போது வருகிறோம் என்போம். இதைச் சொல்ல மூன்று மாத வகுப்பு பத்தாது. அதிலும் பாதி தூங்கியவனுக்கு?

எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் கூட்டினேன்.

"இன் மதுரை," என்றேன், "கொம்மன் இஸ்ட் கேயன்."

மதுரையில் வருவது என்றால் போவது.

அவர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு? நாலு மணிக்கு லாட்ஜுல அப்படி என்னதான் சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டாள் வசந்தா.

"வாரேன்னு சொன்னேன்."

"அதுல என்ன தப்பு?"

"அவருக்கு அது வருவேன்னு அர்த்தம்."

"அதுக்காக? நல்ல காரியத்துக்குக் கெளம்புற மனுசன்கிட்ட போறேன்னா சொல்ல முடியும்?"

"நானா இருந்தாலும் அப்படித்தேன் சொல்லியிருப்பேன் மதினி" என்றார் ஒச்சப்பன், ஒரு சைக்கிளை மயிரிழையில் விட்டுக்கொண்டு. "மனசு வருமா? ஆனா ஒண்ணுண்ணே. தொர இன்னிக்கு ரயில விட்டாருன்னா, அந்தப் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நம்ம எல்லாரையும் நெனச்சுக்கிரும். மறக்காது."

அவர் ஹாரனை இன்னும் பலமாக அழுத்தினார்.

ரயில் நிலையத்தில் இறங்கியபோது ஆறு இருபத்தாறு. ரயில் இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்றது. படியேறி, பாலம் தாண்டி, இறங்க வேண்டும். ஒச்சப்பன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் கெல்லர், குத்துவிளக்கைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்தபடி. அவருக்குப் பின்னால் நான், பன்னீர் வாசத்தோடு. கடைசியில் வசந்தா, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, கல்யாணத்துக்கு நேரமாச்சு!" என்று கத்தியபடி. வழியில் நின்றவர்கள் எல்லாரும் விலகினார்கள். யார் கல்யாணம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படி இறங்கும்போதே பச்சைக்கொடி தெரிந்தது. விசில் கேட்டது. கெல்லரை ஏற்றினோம். விளக்கை வாங்கிக் கொடுத்தோம். ஒச்சப்பன் பெட்டியை உள்ளே தள்ளினார். வண்டி அசைந்தது.

ஏற்றிவிட்டோம். அப்பாடா!

கெல்லர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது தெரிந்தது. ரயிலோடு நடந்தேன்.

எதைச் சொல்வது? போறேன் என்று சொல்ல வாய் வராது. வாரேன் என்று சொன்னால் இறங்கிவிடுவார்!

வாயை இறுக்க மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்தார். வலது கையை உயரத் தூக்கினார். எங்கள் மெஷின் ஆட்கள் தூக்குகிற மாதிரியே தூக்கினார். பிறகு அச்சகம் முழுக்கக் கேட்கிற குரலில், சுத்தமாகச் சொன்னார்:

"வாரேன்!"

"வாங்க தொர! மகராசனா போயிட்டு வாங்க!" என்று ஒச்சப்பன்தான் பதில் சொன்னார். ரயில் வளைவில் திரும்பும் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

"இது எப்படி அவருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதென்னண்ணே, தெனமும் சாயங்காலம் அம்புட்டுப் பயலும் அவருகிட்ட அதச் சொல்லிட்டுத்தானே வீட்டுக்குப் போறாங்கெ?" என்றார் ஒச்சப்பன். "மூணா நாளே நோட்டுல எழுதி வச்சுக்கிட்டாரு. நேத்துக்கூடப் போறப்ப என்கிட்ட வாரேன்னுட்டுத்தான் போனாரு. நீங்க கவனிக்கலையா?"

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சமயநல்லூர் அண்ணிக்குச் சொல்ல அவளிடம் இப்போது ஒரு கதை இருந்தது.

மதுரைக்கு வந்து அந்த மனிதர் கற்றுக்கொண்ட தமிழ்ச்சொல் ஒன்றே ஒன்று. அதைப் போய் நான் அவருக்கு ஜெர்மனில் சொல்லியிருக்கிறேன்.